வினை விதைத்தவன்தான் வினை அறுக்கிறானா? சுங்கை சிப்புட் குறள் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஞாயிறுதோறும் கோவில் மண்டபத்தில் நடக்கும் குறள் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். மற்றவர்கள் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். எந்த அதிகாரத்தை எடுத்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி வினைக்கே வந்து நிற்கிறது. பலமுறை கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தருகிறேன். பதில்களுக்கு நான் பொறுப்பு.

‘வினை விதைத்தவன் வினை அறுப்பான், தினை விதைத்தவன் தினை அறுப்பான்’ என்பது திருக்குறளா?

இல்லை, பழமொழி. குறளில் இதற்கு மிக அருகில் வருவது 319-ஆம் பாடல்: “பிறர்க்கின்னா முற்பகல் செய்யின் தமக்கின்னா பிற்பகல் தாமே வரும்.” காலையில் செய்தது மாலைக்குள் திரும்பிவிடும் என்று வள்ளுவர் கெடுவே வைத்துவிட்டார். “எங்கள் கங்காணிக்கு மட்டும் அந்த மாலை வரவே இல்லையே, சார்” என்று, தோட்டத்தில் தங்களை மேய்த்த மேற்பார்வையாளரை நினைத்து ஒரு பாட்டி கேட்டபோது மண்டபமே சிரித்தது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கீழே அதற்கு வருகிறேன்.

நாலடியாரில் பழவினைக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. பல பசுக்களுக்கு நடுவே விட்டாலும் கன்று தன் தாயைக் கண்டுபிடித்துச் சேர்வதுபோல, பழவினை தன்னைச் செய்தவனைத் தேடிச் சேரும் என்கிறது அது. தேவாலயம் போகிறவர்களுக்கு கலாத்தியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் தெரிந்திருக்கும்: “மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்.” ஆக, இது ஒரு மதத்தாருக்கு மட்டும் சொந்தமான எண்ணம் என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது.

வினை தானாகவே தேடி வருமா, கடவுள் கொண்டுவந்து சேர்க்கிறாரா?

சைவ சித்தாந்தம் இதில் தெளிவாக இருக்கிறது. வினை அறிவில்லாத பொருள். அதற்குக் கண்ணும் கிடையாது, முகவரியும் தெரியாது. ஆகவே வினையைச் செய்தவனிடம் சேர்ப்பிக்க இறைவன் வேண்டும். செய்வினை, செய்வான், அதன் பயன், அந்தப் பயனைக் கொடுப்பான் என்று நான்கையும் சேக்கிழார் சாக்கிய நாயனார் புராணத்தில் வரிசைப்படுத்துகிறார். சேர்த்துவைத்தது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், அனுபவிக்கும்போதே புதிதாக ஏற்றிக்கொள்வது ஆகாமியம். சமணரோ கொடுப்பவன் என்று ஒருவன் தேவையில்லை, வினையே போதும் என்பார்கள். இந்த வழக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

விதைத்தவனேதான் அறுக்கிறானா? தோட்டத்தில் அப்படி நடந்ததாகத் தெரியவில்லையே.

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்டவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்.

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அந்த வழியில் முளைத்த கன்றுகளில் சில 1877-இல் நம் மாவட்டத் தலைநகரான குவாலா கங்சாருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று என்று காட்டப்படும் மரம் இன்றும் அங்கே நிற்கிறது. போகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம். விதை பிரேசில் காட்டுடையது. காட்டை அழித்து நட்டவர்களும் வெட்டியவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த சனங்கள். லாபக் கணக்கு எழுதப்பட்டது லண்டனில். கன்று நட்டுப் பால் எடுக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அதற்குள் நட்டவர் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார், அல்லது மலேரியாவில் போய்ச் சேர்ந்திருப்பார்.

எண்ணெய் தரும் செம்பனையின் கதை இன்னும் வேடிக்கையானது. வணிக முறையில் முதல் செம்பனைத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரில் தென்னமாரத்தில் தொடங்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள் காய்ப்பு போதாமல் இருந்ததால், பெண் பூவில் மகரந்தத் தூளைக் கையால் தூவ ஆள் போட்டார்கள், பெரும்பாலும் பெண்கள். 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அந்த வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. குலைகள் நன்றாகக் காய்த்தன. தூள் தூவிய பெண்களுக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று. இதில் விதைத்தது யார், அறுத்தது யார் என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் நான் விழிப்பேன்.

ஆனால் செயலுக்கு விளைவே இல்லை என்று சொல்ல வரவில்லை. பால்மரம் வெட்டியவர்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அன்றைக்குப் பால் கூடுதலாகவே கிடைக்கும்; பால் பிடிக்கும் மங்கு நிரம்பும், நிறுக்கும் இடத்தில் எடை ஏறும். ஆனால் பட்டைக்கு உள்ளே காயம் பட்டுவிடும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பல ஆண்டு கழித்து அந்தப் பக்கம் மறுபடியும் வெட்டுக்கு வரும்போது கத்தி ஓடாது. அப்போது அந்த நிரை, அந்த மர வரிசை, யார் கையில் இருக்கிறதோ அவர் திணறுவார். ஆழ வெட்டியவர் அந்நேரம் மகன் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம். விளைவு தப்பாமல் வருகிறது. யார் வாசலில் இறங்குகிறது என்பதில்தான் பழமொழிக்கும் தோட்டத்துக்கும் ஒத்துப்போகவில்லை. ‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்று இன்னொரு பழமொழியும் நம்மிடம் இருக்கிறதே, அது சும்மா பிறக்கவில்லை.

என் தாத்தாவைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. அது அவர் வினையா?

இல்லை. இதற்கு நான் சுற்றிவளைத்துப் பதில் சொல்வதில்லை.

1942, 1943-இல் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். முதலில் நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். பிறகு ஆசை காட்டவும் இல்லை. பிடித்து லாரியில் ஏற்றினார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய ஒரு கல்கூட இல்லை.

அத்தனை பேரும், அதுவும் ஒரே தோட்டத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக, முற்பிறவியில் ஒரே பாவத்தைச் செய்துவிட்டு ஒரே லாரியில் ஏறினார்கள் என்று நம்பச் சொன்னால் நான் மாட்டேன். அவர்களைக் கொண்டுபோனது ஒரு ராணுவத்தின் உத்தரவு. பாவக் கணக்கு எழுத வேண்டுமானால் உத்தரவு போட்டவன் பக்கத்தில் எழுதலாம்.

“தீதும் நன்றும் பிறர்தர வாரா” என்று கணியன் பூங்குன்றனார் சொல்லவில்லையா என்று சிலர் மடக்குவார்கள். சொன்னார்தான். புறநானூற்றின் 192-ஆம் பாடலை முதல் இரண்டு வரியோடு நிறுத்தாமல் கடைசி வரை படியுங்கள். ஆற்று வெள்ளத்தில் மிதவை போவதுபோல உயிர் முறைவழிப் படும் என்கிறார். அதனால் என்ன செய்கிறார்? “பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.” ஊழை நம்பிய அந்த மனிதர் அதை வைத்து ஒருவரையும் தாழ்த்தவில்லை. நம்மவர்கள் ஊழை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் அடுத்தவருக்குத் துன்பம் வந்ததும் ‘அவன் செய்த பாவம்’ என்று ஏன் எல்லாரும் சொல்கிறோம்?

அமெரிக்க உளவியலாளர் மெல்வின் லெர்னர் இதைத்தான் ஆராய்ந்தார். 1966-இல் அவரும் கரோலின் சிம்மன்ஸும் வெளியிட்ட சோதனை ஒன்றில், மாணவிகள் ஒரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்படுவதைப் பார்த்தார்கள். உண்மையில் அதிர்ச்சி எதுவும் கொடுக்கப்படவில்லை. அந்தப் பெண் நடித்தார். தடுக்க வழியில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவர்கள், நேரம் போகப் போக அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிடத் தொடங்கினார்கள். அவளுடைய துன்பத்தை நிறுத்தும் வாய்ப்பு யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர்கள் அவளை அப்படிக் குறைத்துப் பேசவில்லை.

உலகம் நியாயமாக நடக்கிறது என்று நம்பாவிட்டால் இரவில் தூக்கம் வராது. காரணமில்லாமல் ஒருவருக்கு வந்தது நாளை எனக்கும் வரலாமே! அதனால் காரணத்தை அவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். சாவு வீட்டில் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ‘அவன் அப்பன் அந்தக் காலத்தில்…’ என்று தொடங்குகிறவர்களைக் கவனியுங்கள். சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர்களும் சுடுகாட்டுக்கு லாரி பிடிக்க ஓடுகிறவர்களும் அந்தப் பேச்சில் இருக்க மாட்டார்கள்.

நம் ஆட்கள் குடித்தே அழிந்தார்கள். இது அவர்களே விதைத்ததுதானே?

குடித்தவர் குடலுக்கு வந்த கேடு அவர் குடித்ததால்தான் வந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்கு உள்ளேயே, சட்டப்படி, சம்பளம் வாங்கிய கை காய்வதற்குள் போய்ச் சேரும் தூரத்தில் வைத்தது யார்?

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றவர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்று கேட்டார்கள்; அதோடு கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். குடிகாரச் சமூகம் என்று பெயர் வாங்கியவர்கள் கேட்ட கோரிக்கை இது! பதிலாக வந்தது ராணுவம். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். பேரனிடம் ‘உன் தாத்தா குடிகாரர்’ என்று சொல்லும் வீடுகளில் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.

அதே வேலை நிறுத்தத்தில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். இதைச் சொன்னதும் வகுப்பில் அடுத்த கேள்வி வந்துவிடும்.

துரை வந்தால் நாம் சைக்கிளை விட்டு இறங்கித் தரையில். இதுவும் முன்வினை என்று வள்ளுவரே பல்லக்குக் குறளில் சொல்கிறாரே?

“அறத்தா றிதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோ டூர்ந்தான் இடை.” பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் போகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும், தனியாகச் சொல்ல வேண்டாம் என்று பரிமேலழகர் உரை எழுதினார். இருவருக்கும் நடுவே நின்று ‘அறத்தின் வழி இதுதான்’ என்று சொல்லாதே என்று பொருள் கொள்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி. பரிமேலழகரின் புலமையை எடைபோட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் தோள் காய்த்துப்போனவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் முதல் உரையை வாசிக்க எனக்கு வாய் வராது. ‘தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்றும், சளைக்காமல் முயல்பவர் ஊழையும் புறங்காட்ட வைப்பார்கள் என்றும் பாடியவர் அவரேதான்.

கெட்டவன் செழிக்கிறான், நல்லவன் கெடுகிறான். இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

பாட்டியின் கங்காணி மறுபடியும் வந்துவிட்டார். வள்ளுவர் 169-இல் இதைத் தொடுகிறார்: “அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்.” பொறாமைக்காரனின் செல்வமும் நேர்மையானவனின் கேடும் எண்ணிப் பார்க்கத் தக்கவை என்று சொல்லி நிறுத்திவிட்டார். முன்வினை என்று உரையாசிரியர்கள் பின்னர் நிரப்பினார்கள். மற்ற இடங்களில் அடித்துச் சொல்கிற மனிதர் இங்கே நிதானிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

‘அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்’ என்று ஆறுதல் சொல்லலாம். சிலருக்கு அது உண்மையிலேயே ஆறுதல். அவர்களிடம் போய் நான் வாதாடுவதில்லை.

பரிகாரம் செய்தால் வினை கழியுமா?

மனத்துக்கு நிம்மதி கிடைத்தால் அர்ச்சனை செய்யுங்கள். ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறவரிடம் ரசீது கேளுங்கள்.

பிள்ளைகளிடம் ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று சொல்லலாமா?

ஆறு வயது வரை வேலை செய்யும். அதன்பின் எவர் கண்ணும் குத்தப்படவில்லை என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நீங்கள் சொல்லும் மற்றவற்றையும் நம்ப மாட்டார்கள். செய்த காரியத்தால் யாருக்கு என்ன ஆயிற்று என்று காட்டுவது மேல்.

ஊருக்கெல்லாம் உதவினேன். எனக்கு ஒன்று என்றபோது ஒருவரும் வரவில்லை. விதைத்தது எங்கே போயிற்று?

குறள் 221-ஐப் பாருங்கள். இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை. மற்றதெல்லாம் அளந்து கொடுத்து அளந்து வாங்கும் கடன் என்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கடன் தெரியும். சம்பளத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டில் ஒரு டின் அரிசி வாங்கி, சம்பளத்தன்று அதே டின்னால் அளந்து கொடுத்தார்கள். திருமண மொய்யும் அப்படித்தான். நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துத் திருப்புகிறோம். கடன் என்று தெரிந்து கொடுத்திருந்தால் போய்க் கேளுங்கள், வெட்கம் வேண்டாம். ஈகை என்று கொடுத்திருந்தால் அதில் வரவு பார்ப்பதற்கு ஏது?

ஒன்று மட்டும் சொல்வேன். முன்பு லயத்தில் ஒரு சுவர்தான் நடுவில். இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இப்போது ஆளுக்கொரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), அடுக்குமாடியில் இருக்கிறோம். வராதவர்களில் பலருக்கு உங்கள் துன்பம் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. நன்றிகெட்டவர்கள் என்று முடிவுகட்டும் முன் ஒரு போன் செய்யுங்கள், அக்கா.

நம் ஊரில் விதைத்தவர்களே அறுத்ததாக ஒன்றையாவது காட்டுங்கள், சார்.

காட்டுகிறேன். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறுபோட்டு விற்க, தொழிலாளர்களுக்கு வேலையும் போனது, அதோடு சேர்ந்த வீடும் போனது. 1919-இல் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தார். தோட்டம் தோட்டமாகப் போய், பங்கு வாங்குங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று பேசினார்கள். அன்றாடம் கூலி வாங்கியவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. கெடாவின் புக்கிட் சிடிம் அவற்றுள் ஒன்று. மரம் வெட்டியவர் அந்த மரத்தில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர் ஆனார். பழமொழி எழுத்துக்கு எழுத்துப் பலித்த இடம் என்று இதைத் தைரியமாகச் சொல்வேன்.

பலித்ததற்குக் காரணம், அறுவடை தங்களிடமே வரும்படி அவர்கள் முதலில் ஒரு சங்கம் கட்டியதுதான். அப்படியும் எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியவில்லை. பின்னாளில் வீடமைப்புக்கும் மற்றதற்கும் நிலம் மாறியபோது வெளியேறியவர்களைப் பார்த்து ‘சேர்த்துவைக்கத் தெரியாதவர்கள்’ என்று சொல்வோர் உண்டு. அந்தச் சம்பளத்தில் அவர்கள் எதைச் சேர்த்துவைத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டட்டும்.

எங்களை வேலைக்கு வைத்திருக்கும் குத்தகைக்காரர் எங்கள் சம்பளத்தில் சேமநிதிக்குப் பிடிக்கிறார், ஆனால் கட்டுவதில்லை. ‘அவன் வினை அவனை விடாது’ என்று மாமியார் சொல்கிறார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். மாமியார் சொல்வது மறுபிறவிக்குச் சரியாக இருக்கலாம். உங்கள் பணம் இந்தப் பிறவிக்கானது.

ஊழியர் சேமநிதி 1951-இலிருந்து நடப்பில் இருக்கிறது. உங்கள் சம்பளத்திலிருந்து பிடிப்பது பொதுவாக 11 விழுக்காடு. முதலாளி தம் பங்காக அதற்கு மேல் சேர்க்க வேண்டும். ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொள்வது சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். சேமநிதிக்கு நின்று கொல்லும் பொறுமை கிடையாது. புகார் போனால் விசாரிக்கும், முதலாளியை நீதிமன்றத்துக்கும் இழுக்கும்.

முதலில் உங்கள் கணக்கைப் பாருங்கள். கைப்பேசியிலேயே பார்க்கலாம், தெரியாவிட்டால் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தெந்த மாதம் விழவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, அந்த மாதங்களின் சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு சேமநிதி அலுவலகத்துக்குப் போங்கள். சம்பளமே பாக்கி என்றால் அது தொழிலாளர் இலாகாவின் வேலை. அங்கே தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு தராத குத்தகைக்காரர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த பதிவை எடுத்துச் செல்லலாம். ரொக்கமாக வாங்கியவர்கள், அதே ஆளிடம் வேலை செய்யும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒன்றாகப் போங்கள்.